நான்காம் மாடியின் வெள்ளை ஈக்கள்

படித்தவர்கள் நாற்பது பேர் இருக்கும் ஒரு மாடியில், ஏழு வாரமாக, ஒருத்தருக்குக்கூட ஒரு இலையைத் திருப்பிப் பார்க்கத் தோன்றவில்லை. கூட்டம் போட்டார்கள். மின்னஞ்சல் அனுப்பினார்கள். 'தாவர நலக் குழு' என்று ஒன்றை அமைத்து, அதற்குத் தலைவர், செயலாளர், கூட்டத்துக்குக் கூட்டம் கேரட் கேக். ஒரு இலையைத் திருப்ப இரண்டு விரல் போதும். அந்த இரண்டு விரல்தான் அங்கே யாருக்கும் ஒழியவில்லை.

என் பெயர் க்ளெனிஸ் ஹாக்கின். வெலிங்டனில் ஆபீஸ்களுக்குச் செடி வாடகைக்கு விடும் கம்பெனியில் இருபத்தாறு வருடமாக வேலை. செவ்வாய்க்கிழமை இந்தக் கட்டடம். ஆறாம் மாடி வக்கீல்களிடம் தொடங்கி ஒவ்வொரு மாடியாக இறங்குவேன். தண்ணீர் ஊற்றுவேன், தூசி துடைப்பேன், பழுத்த இலையைக் கிள்ளுவேன். கம்பெனி கொடுத்த மஞ்சள் சட்டையை மாட்டிக்கொண்டு தண்ணீர் வண்டியைத் தள்ளி வருவேன். எலுமிச்சை மஞ்சள். உலகத்தில் எத்தனையோ நிறம் இருக்க, அதைப் பிடித்தார்களே புண்ணியவான்கள்! அவ்வளவு பளீரென்று இருந்தும் என்னை யாரும் பார்க்க மாட்டார்கள். குடித்த காபிக் கோப்பையை என் வண்டிமேல் வைத்துவிட்டுப் போவார்கள்.

நான்காம் மாடி ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீஸ். அதன் மேனேஜர் ஹேமிஷ். முப்பத்தெட்டு வயது, கோட்டுக்குக் கீழே ஓட்டக்காரனின் ஷூ, எதைச் சொன்னாலும் "அருமை, அருமை" என்று தலையாட்டல். தாவர நலக் குழுவுக்கும் அவர்தான் தலைவர்.

ஜூன் மாதம், எங்கள் ஊரில் குளிர்காலம் தொடங்கும்போது, பூச்சி தெரிய ஆரம்பித்தது. செடியைத் தொட்டால் மாவு உதறியதுபோலக் குப்பென்று எழும்பும், இரண்டு சுற்றுச் சுற்றும், திரும்ப உட்காரும். வெள்ளை ஈ. வெளியே தெற்குக் காற்று ஆளையே தூக்கிக்கொண்டு போகிற குளிர்காலத்தில், உள்ளே இருபத்திரண்டு டிகிரி ஹீட்டர், திறக்க முடியாத ஜன்னல். ஈக்கு இதைவிட சுகவாசம் உண்டா? நான் ஹேமிஷிடம் போய்ச் சொன்னேன்.

"சோப்புத் தண்ணி அடிக்கணும். இலைக்கு அடியில. அஞ்சு நாளைக்கு ஒரு தரம், ஒரு மாசம் விடாம. ஒரு தரம் அடிச்சா பறக்கறது சாகும், முட்டை சாகாது. அது பொரிய பொரிய நாம அடிச்சுக்கிட்டே இருக்கணும்."

"அருமை. ஆனா சோப்பு கெமிக்கல் இல்லையா க்ளெனிஸ்? இது கெமிக்கல் இல்லாத மாடி."

"அப்ப நீங்க எதுல கை கழுவறீங்க?"

சிரித்தார். சிரித்துவிட்டு லாவண்டர் எண்ணெய் வாங்கினார். இலை மேல் எல்லாம் மணக்க மணக்கத் தெளித்தார்கள். இலைக்கு அடியில் ஈ மூக்கைக்கூடச் சுளிக்கவில்லை. அடுத்த வாரம் வாழைப்பழத் தோல். அதற்கடுத்த வாரம் செடிகளிடம் அன்பாக நாலு வார்த்தை பேசச் சொல்லி ஒரு மின்னஞ்சல். நோகாமல் நோன்பு கும்பிடுகிற கூட்டம்! நான் தொங்கவிட்ட மஞ்சள் பசை அட்டைகளைக் கழற்றிக் குப்பையில் போட்டார்கள். வெள்ளை ஈக்கு மஞ்சள் என்றால் உயிர், பறந்து வந்து ஒட்டிக்கொள்ளும், எங்கே அதிகம் ஒட்டுகிறதோ அங்கே தேடலாம் என்று குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொல்லித்தான் தொங்கவிட்டிருந்தேன். வருகிறவர்கள் கண்ணுக்கு அசிங்கமாக இருக்கிறதாம்.

இதே பூச்சி ஏப்ரலில் ஆறாம் மாடியில் வக்கீல்களின் ஜெர்பெராப் பூந்தொட்டிகளில் வந்தது. ஆறே தரம் அடித்து நான் ஒழித்துக் கட்டினேன். வக்கீல்கள் பொல்லாதவர்கள்தான், ஆனாலும் தொழில் தெரிந்தவளைத் தொழில் செய்ய விட்டார்கள்.

ஏழாவது வாரம், செவ்வாய்க்கிழமை, நான்காம் மாடிக்கு வந்தால் லோசா சிரிக்கவில்லை.

லோசா சமோவாக்காரி, நாற்பதை நெருங்குகிறவள். முன் மேஜையும் தபாலும் அவள் பொறுப்பு. அந்த மாடியில் என்னைப் பார்த்து "ஆன்ட்டி" என்று கூப்பிடுகிற ஒரே ஜீவன். அவள் குடியிருக்கும் வாடகை வீடு தெற்குப் பார்த்தது, சுவரில் பூஞ்சை பூத்த வீடு, எங்கள் ஊரில் வெயில் வடக்கேதான் அடிக்கும், அங்கே எட்டிக்கூடப் பார்க்காது. அதனால் மூன்று வருடமாக ஒரு மிளகாய்ச் செடியை ஆபீஸின் வடக்கு ஜன்னலில் வைத்து வளர்த்தாள். மதியம் சேப்பங்கிழங்கும் டின் இறைச்சியும் சாப்பிடும்போது இரண்டு மிளகாய் கிள்ளிக்கொள்வாள். பாதி ஆபீஸ் அதில் கிள்ளித் தின்றது. ஹேமிஷும்தான்.

அன்றைக்கு அவள் மேஜையில் பானி போப்போ ஒரு தட்டு நிறைய இருந்தது. தேங்காய்ப்பாலில் வெந்த பன், அவள் கொண்டுவந்தால் பத்து மணிக்குள் தட்டு காலியாகிவிடும். மணி பதினொன்று. ஒன்றுகூடக் குறையவில்லை.

"என்னாச்சு? எல்லாரும் பட்டினி விரதமா?"

"கிச்சன்ல போய் பாருங்க ஆன்ட்டி."

போய்ப் பார்த்தேன். அறிவிப்புப் பலகையில் குழுவின் தாள். பூச்சி வந்த வழி ஆராயப்பட்டதாம். உண்ணக்கூடிய செடிகள் பூச்சியை ஈர்க்கும் என்று தெரியவந்ததாம். ஆகவே லோசாவின் மிளகாய்ச் செடியை வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டுக்குள் அகற்ற வேண்டுமாம். அவள் பெயர் தடித்த எழுத்தில். கீழே, எல்லோரும் சுத்தமாக இருப்போம் என்று ஒரு வரி, ஒரு சிரிக்கும் முகம்.

எனக்கு வந்ததே கோபம்! ஆராய்ந்தார்களாம். யார் ஆராய்ந்தது? எதை ஆராய்ந்தது? கேரட் கேக்கையா?

"செடி போனா போகுது ஆன்ட்டி," என்றாள் லோசா. "விதை போட்டா இன்னொண்ணு வந்துட்டுப் போகுது. பூச்சி கொண்டு வந்தவள்னு என் பேரை எழுதிட்டாங்களே. அழுக்குக்காரின்னு அர்த்தம். என் கையால செஞ்சதைத் தொட மாட்டேங்கறாங்க பாருங்க."

நான் ஒரு பன்னை எடுத்து அங்கேயே நின்று தின்றேன். பிறகு மிளகாய்ச் செடியிடம் போனேன். நுனியில் ஈ இருந்தது, நிறையவே. இலைகளைத் திருப்பினேன். ஒவ்வொன்றாக, எல்லாவற்றையும்.

"இங்க பாரு லோசா. பறக்கறது எங்க வேணா போய் உட்காரும். அதோட குஞ்சு அப்படி இல்ல. பொரிஞ்ச இலைக்கு அடியிலயே செதில் மாதிரி ஒட்டிக்கிட்டு சாறு குடிக்கும். பெரிசானா கூட்டை அங்கயே விட்டுட்டுப் பறக்கும். உன் செடியில ஒரு கூடு இருக்கா?"

கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "இல்ல."

"இது விருந்துக்கு வந்த ஈ. பிறந்த வீடு வேற."

அன்று முழுக்கத் தேடினேன். கம்பெனிச் செடிகள் தடித்த இலைக்காரச் செடிகள், வெள்ளை ஈக்குப் பல் இறங்காது. மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. ஹேமிஷின் கண்ணாடி அறைக்குள், அவருடைய நாற்காலிக்குப் பின்னால், செம்புத் தொட்டியில் ஆள் உயரச் செம்பருத்தி. பதவி உயர்வுக்கு மாமனார் கொடுத்தது. வேறு யாரும் அதைத் தொடக்கூடாது என்று எனக்கே உத்தரவு. தண்ணீர் மட்டும் ஊற்றலாம். அதுவும் மூலையில் இருப்பதால், கிளைகளுக்குள் உடம்பை நுழைத்து, குனிந்து ஊற்றி, முதுகை உரசிக்கொண்டு வெளியே வரவேண்டும். இலைகளைத் தினமும் அவரே துடைப்பார். மேல்பக்கம் மட்டும். மேல்பக்கம் கண்ணாடிபோலப் பளபளக்கும். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். இந்த மனுஷனுக்குத் தான் வளர்க்கிற செடியின் முதுகே தெரியவில்லை.

அறை பூட்டியிருந்தது. ஆக்லாந்து போயிருக்கிறார், வெள்ளிக்கிழமைதான் வருவார் என்றார்கள்.

வெள்ளிக்கிழமை எனக்கு வேறு கட்டடம். ஆறாம் மாடி ஜெர்பெராவைப் பார்க்க வேண்டும் என்று கம்பெனிக்கு ஒரு பொய் சொல்லிவிட்டு, பதினொன்றரைக்கு லோசாவையும் மிளகாய்த் தொட்டியையும் கூட்டிக்கொண்டு ஹேமிஷின் அறைக்குள் நுழைந்தேன். அவர் மேஜையில் குழுவின் படிவம் இருந்தது. தலைமை அலுவலகத்துக்குப் போகவேண்டியது. 'பூச்சி வந்த வழி' என்ற கட்டத்தில் பென்சிலால் லோசாவின் பெயர். பேனாவை மூடி திறந்து வைத்திருந்தார்.

"அருமை, நேரத்துக்கு முன்னாடியே செடியைக் கொண்டு வந்துட்டீங்க. ரொம்ப நன்றி லோசா. தப்பா எடுத்துக்காதீங்க."

"அவ எடுத்துக்குவா, எடுத்துக்காம இருப்பா. நீங்க எழுந்திரிங்க," என்றேன்.

நாற்காலியை நகர்த்தி, செம்பருத்திக்குள் புகுந்து, நடுக்கிளையில் இருந்த ஒரு பெரிய இலையைத் திருப்பிப் பிடித்தேன். அடிப்பக்கம் பச்சையே தெரியவில்லை. செதில் செதிலாகக் குஞ்சுகள். நடுநடுவே வெள்ளை வெள்ளையாகக் காலிக் கூடுகள். தொட்டால் விரல் பிசுபிசுத்தது. கிளை அசைந்ததில் மேகம்போல ஈ கிளம்பி அறை முழுக்கப் பரவியது. ஹேமிஷ் வாயைக் கையால் பொத்திக்கொண்டார்.

"மிளகாய் மேல பழி போட்டீங்களே, அதுல ஒரு கூடு காட்டுங்க பார்ப்போம். இதுல எண்ணுங்க. எண்ணி முடிக்க அடுத்த குழு போடணும். உங்க நாற்காலிக்குப் பின்னாடி பண்ணை வச்சிருக்கீங்க ஹேமிஷ். எரியறதைப் பிடுங்குனாத்தான் கொதிக்கறது அடங்கும். வாழைப்பழத் தோல்ல அடங்காது."

லோசா மிளகாய்த் தொட்டியை அணைத்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் மூன்று நாளுக்குப் பிறகு கொஞ்சம் வெளிச்சம் வந்தது. எனக்கும் உள்ளே அப்படி ஒரு ஆனந்தம். இருபத்தாறு வருடமாக என் வண்டியில் வைத்த காபிக் கோப்பைகளுக்கெல்லாம் சேர்த்துப் பதில் சொன்னதுபோல இருந்தது.

ஹேமிஷ் உட்கார்ந்தார். காது சிவந்திருந்தது. ஆனால் மேனேஜராக இருக்கிறவர்கள் அவ்வளவு சுலபத்தில் விழ மாட்டார்கள்.

"சரி. செம்பருத்தியிலதான் பெருகியிருக்கு. ஒத்துக்கறேன். ஆனா இந்தச் செடி ரெண்டு வருஷமா சுத்தமாத்தானே இருந்தது? திடீர்னு எப்படி வந்தது? ஜன்னல் திறக்காது. வெளியில இருந்து வர வழி இல்ல. ஈ லிஃப்ட் ஏறி வருமா? யாரோ கொண்டு வந்திருக்கணும். இந்த மாடியில வீட்டுல இருந்து செடி கொண்டு வந்தவங்க லோசா ஒருத்தர்தான்." பேனாவை எடுத்துவிட்டார். "கட்டத்துல ஏதாவது ஒரு பேர் எழுதியாகணும் க்ளெனிஸ்."

நான் வாயைத் திறந்தேன். அடேங்கப்பா, என்னென்ன சொல்ல இருந்தேன் தெரியுமா!

"ஆன்ட்டி," என்றாள் லோசா மெதுவாக. "ஆடாம நில்லுங்க."

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் மார்பைப் பார்த்தாள். நானும் குனிந்து பார்த்தேன். எலுமிச்சை மஞ்சள் சட்டையில், காலர் முதல் கடைசிப் பொத்தான் வரை, புள்ளி புள்ளியாக ஈ. அறையில் அத்தனை இடம் இருக்க, பறந்ததில் பாதி என்மேல்தான் வந்து உட்கார்ந்திருந்தது. பறக்கவில்லை. சுகமாக இருந்தது.

லிஃப்ட் ஏறித்தான் வந்திருக்கிறது. ஏப்ரலில், ஆறாம் மாடி ஜெர்பெராவை நான் உலுக்கி உலுக்கி மருந்தடித்த ஒவ்வொரு நாளும், இதே சட்டையோடு கீழே இறங்கினேன். இதே சட்டையோடு இந்தச் செம்பருத்திக்குள் நுழைந்து, முதுகை உரசிக்கொண்டு வெளியே வந்தேன். மஞ்சள் என்றால் வெள்ளை ஈக்கு உயிர் என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவள் நான். நாற்பது பேருக்கு இரண்டு விரல் இல்லை என்று நையாண்டி செய்தேனே, எனக்கு இரண்டு கண் எங்கே போயிருந்தது? சீ, எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

ஹேமிஷ் கவனிக்கவில்லை. படிவத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். லோசா கவனித்தாள், கணக்கும் போட்டுவிட்டாள், அவள் மக்கு இல்லை. தொட்டியைக் கீழே வைத்துவிட்டு, துணியில் தூசி தட்டுகிற பாவனையில் என் சட்டையைத் தட்டிவிடக் கையைக் கொண்டுவந்தாள். தன் பெயர் அந்தக் கட்டத்தில் ஏறப்போகிற நேரத்தில் அவள் செய்தது இது. கம்பெனிக்குத் தெரிந்தால் இந்தக் கட்டடமே என் கையைவிட்டுப் போகும் என்று அவளுக்குத் தெரியும்.

அவள் கையைப் பிடித்துத் தடுத்தேன்.

"ஹேமிஷ். தலையை நிமிர்த்தி என்னைப் பாருங்க. இன்னிக்காவது பாருங்க."

பார்த்தார். முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது.

"ஆறாம் மாடியில இருந்து நான்தான் கொண்டு வந்தேன். இந்தச் சட்டையில. பென்சிலை அழிச்சுட்டு எழுதுங்க. க்ளெனிஸ் ஹாக்கின். கிச்சன்ல இருக்கற தாளையும் கிழிச்சுட்டு, இதே பேரை அதே தடிச்ச எழுத்துல போடுங்க. சிரிக்கற முகமும் வேணும்."

அவர் "அருமை" என்று சொல்லவில்லை. அழிப்பானைத் தேடி எடுத்தார். எழுதினார். ஒரு எழுத்தைத் தப்பாக எழுதினார், நான் திருத்தினேன்.

லோசா மிளகாய்த் தொட்டியை எடுத்துக்கொண்டு போய் வடக்கு ஜன்னலில் பழைய இடத்திலேயே வைத்தாள். நான் பின்னாலேயே போனேன். ஒரு பெரிய குப்பைப் பையை உதறி விரித்து நீட்டினாள், சட்டையைக் கழற்றிப் போட.

"கொஞ்சம் திரும்புங்க ஆன்ட்டி," என்றாள்.

திரும்பினேன்.

"அடியாத்தி," என்றாள். "இந்த முதுகைப் பார்த்தா, முன்பக்கம் இருந்தது ஒண்ணுமே இல்ல."