மார்ச் வரை உத்தியோகம்

என் ஆராய்ச்சியின் தலைப்பைச் சொன்னால் பேருந்தில் பக்கத்து சீட்டுக்காரர் தூங்கிவிடுவார். 'மாறிவரும் பொருளாதாரத்தில் தொழிலாளர் திறன் மேம்பாடும் பணிப் பாதுகாப்பும்.' நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளில் ஏறி இறங்கி, "உங்க வேலை நிலைக்கும்னு நம்பறீங்களா?" என்று கேட்பதுதான் என் பிழைப்பு. உன் வேலை நிலைக்குமா என்று யாரும் என்னைத் திருப்பிக் கேட்டதில்லை. நான் ஒரு தனியார் கல்லூரியில் ஒப்பந்த ஆய்வாளன். வருகிற மார்ச்சில் திட்டம் முடிகிறது. அதோடு என் வேலையும் முடிகிறது.

என் அம்மா செல்லாயி இதையே வேறு மாதிரி சொல்லி வைத்திருந்தாள். "பையன் காலேஜ்ல உத்தியோகமுங்க." இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குக் கீழே படிப்பையும் வேலையையும் போடாவிட்டால் எங்கள் பக்கம் அது பத்திரிகையே இல்லை. எனக்கு முப்பத்து நான்கு வயது. முன்மண்டை காலி. தோட்டம் துரவு இருக்கிற பையன்களே பெண் கிடைக்காமல் கோயில் கோயிலாகச் சுற்றும்போது, மோகனூர் சௌந்தர்யாவின் ஜாதகம் எனக்குப் பொருந்தியது. போய்ப் பார்த்தோம். என் காபியில் சர்க்கரை இல்லை என்பதை என் முகத்தை வைத்தே கண்டுபிடித்து, சத்தமில்லாமல் டம்ளரை மாற்றிக் கொடுத்தாள். அங்கேயே நான் விழுந்துவிட்டேன். அவளுக்கும் சம்மதம் என்று சொல்லியனுப்பினார்கள்.

பாக்கி இருந்தது விசாரிப்பு மட்டும். பெண் வீட்டுக்காரர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து, பையனின் ஊரிலும் வேலையிடத்திலும் நாலு பேரிடம் கேட்டுப் பார்ப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அம்மா அதற்கு முழுத் தயாராக இருந்தாள். பால் சொசைட்டி, மளிகைக்கடை, கோயில் பூசாரி என்று ஊர் முழுக்கப் பாடம் நடத்தி முடித்திருந்தாள். சொல்லி வைக்காமல் விட்டது ஒரே ஒரு ஆளிடம்தான். அந்த ஆள் நான்.

விசாரிக்க வேண்டியவர் சௌந்தர்யாவின் தாய்மாமன் நவநீதகிருஷ்ணன். நாங்கள் பெண் பார்க்கப் போனபோது அவர் ரிக் வண்டியோடு சத்தீஸ்கரில் போர்வெல் போட்டுக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்ததே இல்லை. அவர் என்னைப் போட்டோவில் மட்டும் பார்த்திருந்தார். அந்தப் போட்டோ சேலத்தில் ஒரு ஸ்டுடியோவில் என் வாலிபத்தில் எடுத்தது. அதில் எனக்குத் தலை கொள்ளாத முடி, கண்ணாடி கிடையாது. நிறத்தை ஸ்டுடியோக்காரர் தன் இஷ்டத்துக்கு ஏற்றியிருந்தார்.

ஐப்பசியில் ஒருநாள் வழக்கம்போல ஒரு பட்டறைக்குப் போனேன். வெல்டர்கள் யாரும் வாய் திறக்கவில்லை. மரம் போய் இரும்பு வந்து, இப்போது முழு வண்டியும் கம்பெனியிலேயே கட்டி வருகிற காலம். கையில் இருக்கும் வண்டியையாவது நேரத்துக்கு முடித்துக் கொடுக்க வேண்டாமா அவர்கள்? வேலை போய்விடுமா என்று கேட்டுக் கேட்டே அவர்கள் வேலையைக் கெடுக்கிறவன் நான் ஒருவன்தான். "அப்பறமா வாங்க சார்" என்று துரத்திவிட்டார்கள். எதிரே டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்தேன்.

பக்கத்தில் வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாக ஒருவர். வண்டியைப் பாடி வேலைக்கு விட்டுவிட்டுக் காத்திருந்தார். "என்னங்க தம்பி, எல்லாத்தையும் புடிச்சுப் புடிச்சு என்னமோ கேக்கறீங்க?" என்றார்.

எனக்கு அது போதும். என் ஆராய்ச்சியைப் பற்றி ஒரு மனிதர் தானாகக் கேட்டது அதுதான் முதல் தடவை. டீ ஆற ஆறப் பேசினேன். யார் வேலை நிற்கும், யார் வேலை போகும், எந்தத் தொழில் தெரிந்தவன் தப்பிப்பான் என்று எல்லாம் சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார்.

"அப்படீன்னா, காலேஜ்ல இருந்துக்கிட்டு ஆராய்ச்சி பண்றாங்களே, அவங்க வேலையெல்லாம் நெலையானதுங்களா?"

அங்கேயாவது நான் உஷாராகியிருக்க வேண்டும். வண்டி முதலாளிக்குக் காலேஜ் வேலையைப் பற்றி என்ன கவலை? ஆனால் எனக்குப் பேச்சு சூடு பிடித்திருந்தது.

"அதைக் கேக்காதீங்கண்ணா. இருக்கறதுலயே அதுதானுங்க மோசம். வெல்டருக்காவது இந்தப் பட்டறை இல்லீன்னா இன்னொரு பட்டறை. ஆராய்ச்சிக்காரன் மார்ச் மாசம் ஆச்சுன்னா பையத் தூக்கிக்கிட்டு ஊட்டுக்குப் போக வேண்டியதுதான்."

"அப்படிப்பட்ட பையனுக்குப் பொண்ணு குடுக்கலாங்களா?"

ஆய்வாளன் நடுநிலை தவறக் கூடாது. "எனக்கொரு தங்கச்சி இருந்தா நான் குடுக்க மாட்டனுங்க" என்றேன்.

அவர் பெருமூச்சு விட்டு, சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து நீட்டினார். "இந்தப் பையனுங்க. எங்கக்கா புள்ளைக்குப் பாக்கறோம். உங்களுக்குத் தெரியுமுங்களா?"

திரையில் தலை கொள்ளாத முடியோடு நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

'அது நான்தானுங்க' என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. "தெரியுமுங்க. தங்கமான பையனுங்க" என்று மட்டும் முனகினேன்.

"தங்கமா இருந்து என்னங்க சாமி பண்றது? மார்ச் மாசம் ஊட்டுக்கு வந்துருவானே!" அவர் எழுந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "நல்ல வேளை, உங்களைப் பாத்தேன். ஒரு புள்ளையக் காப்பாத்திட்டீங்க. நீங்க நல்லா இருக்கோணும்."

இரண்டு நாளில் மோகனூரிலிருந்து தகவல் வந்தது. ஜாதகத்தில் ஏதோ தோஷமாம். அம்மா ஜோசியரைத் திட்டித் தீர்த்தாள். நான் மூச்சு விடவில்லை. இத்தனை வருஷத்தில் என் ஆய்வு முடிவை அப்படியே ஏற்றுக்கொண்டு நடவடிக்கை எடுத்த ஒரே மனிதர் அவர்தான். பெருமைப்படத்தான் வேண்டும். எனக்கு அழுகை வந்தது.

அன்று சாயங்காலம் சௌந்தர்யாவே போன் செய்தாள்.

"மாமா ஒரு பெரிய ஆராய்ச்சிக்காரரைப் பாத்தாருங்களாமா. முன்னாடி முடி இல்லையாமா. கண்ணாடியத் தூக்கித் தூக்கி உட்டுக்கிட்டு, வாய் மூடாமப் பேசுனாருங்களாமா. நீங்கதானுங்களா அது?"

"ஆமாங்க."

"எதுக்குங்க அப்படிச் சொன்னீங்க?"

"நெசம் அதுதானுங்களே."

அவள் திருப்பிக் கேட்டாள். "என் வேலை என்னன்னு தெரியுமுங்களா?"

"பேங்க்குலன்னு சொன்னாங்க."

"பேங்க்குலதான். ஆனா ஏஜென்சி மூலமா. வருசா வருசம் புதுப்பிச்சாத்தான் உண்டு. எனக்கும் மார்ச்சுதானுங்க. பட்டறை பட்டறையாப் போய்க் கேக்கறவரு, என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. காபி நல்லா இருக்குதுன்னு சொல்லிட்டுப் போயிட்டீங்க."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"ஞாயித்துக்கிழமை மாமா எங்கூட்டுக்கு வாராரு. நீங்களே வந்து அவர்கிட்டச் சொல்லுங்க" என்றாள். "போட்டோல இருக்கற தலையோட வேண்டாம். இந்தத் தலையோட வாங்க."

ஞாயிறன்று போனேன். கதவைத் திறந்தவர் மாமாவேதான். "அட, வாங்க சாமி!" என்று என்னைத் தழுவாத குறையாக உள்ளே அழைத்துப் போனார். "அக்கா, இங்க பாரு! நம்ம புள்ளையக் காப்பாத்துனவரு இவருதான்!"

சௌந்தர்யாவின் அம்மா என்னைப் பார்த்து வாயில் கை வைத்துக்கொண்டார். அவருக்குத்தான் என் தலை முன்பே தெரியுமே.

"நான்தானுங்க தமிழரசு" என்றேன்.

மாமா போனை எடுத்தார். என் காதுக்குப் பக்கத்தில் அதைப் பிடித்து, போட்டோவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார். "தங்கச்சி இருந்தாக் குடுக்க மாட்டேன்னீங்க?"

"இன்னைக்குக் கேட்டாலும் அதையேதானுங்க சொல்லுவேன். ஆனா உங்கக்கா புள்ளைய எனக்கு ரொம்பப் புடிச்சிருக்குதுங்க. அதனால கேக்க வந்துட்டனுங்க."

"மார்ச்சுக்கு அப்பறம் என்ன பண்ணுவீங்க?"

"தெரியலீங்க. தேடோணும்."

பட்டறைக்காரர்கள் எத்தனையோ பேர் என்னிடம் இதே பதிலைச் சொல்லியிருக்கிறார்கள். அதை ஒரு பதிலாகவே நான் எடுத்துக்கொண்டதில்லை. சொல்லிப் பார்க்கும்போதுதான் நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

"எனக்கும் மார்ச்சுலதான் மாமா முடியுது" என்றாள் சௌந்தர்யா. சமையலறை வாசலில் நின்றிருந்தாள்.

மாமா திரும்பினார். "உனக்குமா? நீ பேங்க்குலயல்லோ இருக்கற?"

"நீங்க எல்லாரும் மாப்பிள்ளை வேலையத்தானே விசாரிச்சீங்க."

அவள் காபி டம்ளரைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். சர்க்கரை போட்டிருந்தது.

"கல்யாணத்தைத் தையிலயே வெச்சுருங்க மாமா" என்றாள். "பத்திரிகையில போடறதுக்கு ரெண்டு பேருக்கும் ஒரு வேலை இருக்கும்."

மாமா என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு காலண்டரை எடுத்து வரச் சொன்னார்.