வெதுவெதுப்பான பக்கம்

பாம்புப் பெட்டியின் கண்ணாடிக் கதவு அதன் காடியில் ஏற மறுத்தது. வீட்ஸ்கே முழங்காலிட்டு அதைத் தூக்கிப் பிடித்திருந்தாள். கூடத்தின் நடுவே போட்டிருந்த ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து தம்பி ரைந்தர் சொன்னான்.

"மேல்பக்கத்த முதல்ல ஏத்து அக்கா. அப்புறம் கீழ இறக்கு."

"வாயால வேலை செய்யறது சுலபம்டா."

"இப்ப என்கிட்ட மிச்சம் இருக்கறது அது ஒண்ணுதான்."

கதவு பொருந்தியது. பூட்டைப் போட்டாயா என்று கேட்டான். போட்டேன் என்றாள். இழுத்துப் பார்க்கச் சொன்னான். பாம்பு ராத்திரியெல்லாம் மூக்கால் முட்டிக்கொண்டே இருக்கும், விரலளவு இடைவெளி கிடைத்தால் போதும் என்றான். அவள் இழுத்துப் பார்த்தாள்.

காலையில் வந்த நர்ஸ் வாசலில் நின்று, "இன்னைக்கு வெளிய எங்கயும் போகாதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அதற்குள்ளேயே கடல் பக்கமிருந்து காற்று கிளம்பிவிட்டது. நீர்ப்பறவைகள் கூட்டமாக ஊருக்குள் வந்து, பள்ளிக்கூட மைதானத்தில் ஒரே திசை பார்த்து உட்கார்ந்திருந்தன.

பாம்பு முன்பு வேறொருவன் வளர்த்தது. வீட்டைக் காலி செய்துகொண்டிருந்த அவன், மீன்தொட்டியில் போட்டு, மூடி நகராமலிருக்க மேலே இஸ்திரிப் பெட்டியை ஏற்றி வைத்திருந்தான். சூட்டுக்கு மின்சாரத்தில் காயும் ஒரு கல் மட்டும். அது பாம்பின் வயிற்றைப் பொசுக்கியிருந்தது, செதிலுக்கடியில் உண்ணி. ரைந்தர் அதைக் கொண்டுவந்து, வெறும் காகிதம் விரித்த பிளாஸ்டிக் டப்பாவில் தனியே வைத்து, வாரக்கணக்கில் துடைத்து, களிம்பு தடவினான். அப்போதே அவனுக்கு வயிற்றில் வலி தொடங்கியிருந்தது. பாம்பைக் கால்நடை மருத்துவரிடம் காட்டினான். தன்னைக் காட்டிக்கொள்ளவில்லை.

இப்போது அதற்கென்று மரப்பெட்டி ஒன்று. ஒரு பக்கம் வெதுவெதுப்பு, மறு பக்கம் குளிர்ச்சி, இரண்டிலும் ஒளிந்துகொள்ள ஒரு குகை, தண்ணீர்க் கிண்ணம், தேங்காய் நார்த் தூள். சூட்டை அளக்கும் கம்பியை அவன் சொன்ன இடத்தில் அவள் ஒட்டினாள்.

"பாம்ப இப்பவே விட்ராத. ஒரு நாள் காலியா ஓடட்டும். சூடு ஏறி இறங்காம நிக்குதான்னு பாக்கணும்."

"ஒரு நாளா?"

அவன் பெட்டியைப் பார்த்தான். அவள் அதன் விளக்கைப் போட்டாள்.

மதியம் வானம் கறுத்து வந்தது. கூரையில் எதுவோ பிய்ந்து உருண்டது. மின்சாரம் போயிற்று. பெட்டியின் விளக்கு அணைந்தது. அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் கடகடவென்று ஒலித்து அடங்கியது. கொஞ்ச நேரத்தில் சுவரிலிருந்தே குளிர் வருவதுபோல் இருந்தது.

"அக்கா, டப்பாவுக்கு அடியில இருக்கற சூடும் நின்னிருக்கும். எடுத்து என்கிட்ட குடு."

"எதை?"

"அதைத்தான்."

இதுவரை அவள் அதைத் தொட்டதில்லை. ஈரமாக, கொழகொழவென்று இருக்குமென்று எண்ணியிருந்தாள். உலர்ந்து, வழவழவென்று, எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்தது. கைக்குள்ளேயே மெல்ல இறுகியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு தலையணை உறைக்குள் விட்டு முடிச்சுப் போட்டாள். ரைந்தர் இரண்டு கைகளாலும் அதை வாங்கி வயிற்றின்மேல் வைத்துக்கொண்டான்.

"எனக்குத்தான் ஜுரம் அடிக்குதே. வீணாத்தான போகுது."

அவள் போர்வையைச் சரிசெய்தாள்.

"அன்னைக்கு யாருக்கோ போன் பண்ணிக் கேட்டியே அக்கா, இத எடுத்துக்கறியான்னு. அந்த ஆள் நல்லாப் பாத்துப்பானா?"

வீட்ஸ்கேயின் கை போர்வையிலேயே நின்றது. சமையலறைக் கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசியிருந்தாள்.

"தெரியலடா."

"கேக்கலையா?"

காற்று ஜன்னலை உலுக்கியது. "வெந்நீர் கொண்டு வரேன்" என்று எழுந்தாள்.

பக்கத்து வீட்டு ஹில்யேவிடம் மட்டும்தான் கேஸ் அடுப்பு இருந்தது. தண்ணீர் காயும்வரை ஹில்யே தாழ்ந்த குரலில் பேசினாள். "தப்பா நெனைக்காத. அது வீட்டுக்குள்ள வந்த நாள்லேர்ந்துதான் அவன் இப்படிப் படுத்தான்."

"அதுக்கு முன்னாடியே வலி இருந்துச்சு."

"சாவு வர்றது அதுக்குத் தெரியும்ங்கறேன் நான். அதுங்களுக்கெல்லாம் தெரியும்."

திரும்பி வரும்போது காற்று எதிர்த்தடித்தது. வெந்நீர் நிரப்பிய ரப்பர்ப் பையைக் கோட்டுக்குள் பொத்திக்கொண்டு, வேலியைப் பிடித்துப் பிடித்து வந்தாள்.

ரைந்தர் கண்களை மூடியிருந்தான். விரல்கள் உறையின்மேல் கோத்திருந்தன. வெந்நீர்ப் பையைக் காலடியில் வைத்து, நாற்காலியை இழுத்துப்போட்டு, கட்டில் விளிம்பில் இரண்டு கைகளையும் மடித்து வைத்துத் தலை சாய்த்தாள். காற்றின் இரைச்சலில் அவன் மூச்சு கேட்கவில்லை.

"நாளைக்கே அந்த ஆளக் கூப்ட்டுக் கேக்கறேன்டா," என்றாள். "பெட்டியையும் சேத்து எடுத்துக்கணும்னு சொல்லிடறேன்."

பதில் இல்லை. சில நாட்களாகவே அவன் பாதிப் பேச்சில் தூங்கிவிடுவான். அவளுக்கும் கண் செருகியது.

விழித்தபோது அறை கிட்டத்தட்ட இருட்டு. போர்வைக்கு மேலே எதுவோ ஊர்ந்தது. அவன் விரல்களுக்கடியிலிருந்து உறை அங்குலம் அங்குலமாக நழுவிக்கொண்டிருந்தது. துணிக்குள் ஒரு புடைப்பு நின்றது, நீண்டது, மறுபடி நகர்ந்தது. அவளை நோக்கித்தான்.

"ரைந்தர், பிடிடா. வருது."

அவன் பிடிக்கவில்லை. விரல்கள் கோத்தது கோத்தபடியே இருந்தன. துணி வழியாகத் தலை அவள் முழங்கையில் முட்டி, அங்கேயே ஒண்டியது.

அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. மற்ற கையால் தம்பியின் விரல்களைத் தொட்டாள். பிறகு நெற்றியை. ஜுரம் போய்ச் சில்லிட்டிருந்தது. அதன்பின் வெகுநேரம் தொட்டுக்கொண்டேயிருந்தாள்.

வழியில் மரம் விழுந்திருந்ததால் மருத்துவர் தாமதமாக, கையில் டார்ச்சுடன் வந்தார். கட்டிலருகே குனிந்து பார்க்க வேண்டியதைப் பார்த்தார். வீட்ஸ்கே நாற்காலியில் கோட்டைக் கழுத்துவரை பொத்தானிட்டு, உள்ளே இருந்த புடைப்போடு வயிற்றை இரண்டு கைகளாலும் அணைத்தபடி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அவர் கை நீட்டியபோதும் எழுந்திருக்கவில்லை. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சாவு வீடுகளில் அவர் எத்தனையோ பேரை அப்படிப் பார்த்தவர்.

"ரொம்பக் குளிருதாம்மா?" என்றார்.

"எனக்கு இல்ல," என்றாள் வீட்ஸ்கே.