ஏழாம் எண் வண்டி

அக்டோபர் பதினான்காம் தேதி, சனிக்கிழமை, மாலை 4.51 மணிக்கு, நீர்த்தேக்கத்தின் கிழக்குக் கரையில் உள்ள ஐந்தாம் எண் முகாம் இடத்திலிருந்து ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறைக்கு ஓர் அழைப்பு வந்தது. அன்றைய பதிவேட்டில் அது இருநூற்றுப் பதினேழாவது அழைப்பு.

அழைத்தவள் அந்த அறையின் ஷிப்ட் பொறுப்பாளர். பதினோரு வருடமாக அந்த எண்ணுக்கு வருகிற அழைப்புகளை எடுத்துப் பேசியவள். தானே அந்த எண்ணை அழுத்தியது அதுதான் முதல் தடவை.

மூன்று பேர் வந்திருந்தார்கள். சனி, ஞாயிறு, கூடவே ஒட்டிக்கொண்டு வந்த ஒரு திங்கட்கிழமை விடுமுறை. ஊரே வெளியே கிளம்புகிற நாட்களில்தான் வண்டிகள் மோதிக்கொள்ளும், பிள்ளைகள் தண்ணீரில் இறங்கும் என்பதால், அப்படி ஒரு திங்கட்கிழமை அந்த அறையில் யாருக்கும் வாய்த்ததில்லை. மூன்று வருடமாகத் திட்டம் போடுவதும் கைவிடுவதுமாக இருந்த பயணம் இது. இந்த முறை அவள் மேலதிகாரியிடம் கெஞ்சிக் கூத்தாடி விடுப்பு வாங்கினாள். எட்டுப் பேர் பார்க்கிற வேலையை ஐந்து பேரைக் கொண்டு ஒப்பேற்றி, எந்த ஆம்புலன்ஸ் எந்த நிலையத்தில் நிற்கும் என்ற பட்டியலை வெள்ளிக்கிழமை சாயங்காலம் தன் கையாலேயே எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டுத்தான் கிளம்பினாள்.

கூட வந்தவர்களில் மூத்தவர் டிரைவர். இருபது வருடம் ஆம்புலன்ஸ் ஓட்டி, முதுகு போனபிறகு அறைக்கு மாற்றப்பட்டவர். இப்போது ஓட்டுவது நாற்காலியை மட்டும்தான் என்றாலும் பெயர் மாறவில்லை. இளையவன் குட்டி. ஆறடி இரண்டங்குலம். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே யாரோ வைத்த பெயர்.

"மூணு நாளைக்கு போனே அடிக்காதாம். எப்படித் தூங்கப் போறேன்னே தெரியலக்கா," என்றான் குட்டி, கூடாரத்தின் முளைகளை அடித்துக்கொண்டே.

"அடிக்கணும்னா அந்தப் பாறை மேல ஏறி நில்லு," என்றார் டிரைவர். "இங்க பள்ளத்துல ஒண்ணுமே எடுக்கல. அங்க மட்டும் ரெண்டு கோடு சிக்னல் காட்டுது."

"அது உங்க உயரத்துக்குண்ணே. நான் ஏறினா மூணு கோடு."

மத்தியானம் முட்டையும் ரொட்டியும் தின்றுகொண்டிருந்தபோது பேச்சு, எப்படித் தவிர்த்தும், அறைக்கே திரும்பி வந்தது. ஐந்து வாரத்துக்கு முன் சேர்ந்த புது ஆளைப் பற்றி. ஐம்பதைத் தொடுகிற வயது. அதற்கு முன் இருபத்திரண்டு வருடம் பேருந்து நிலையத்தில் அறிவிப்புச் சொன்னவர். ஒவ்வொரு சொல்லையும் எடுத்து, துடைத்து, மேசைமேல் வைப்பதுபோல்தான் பேசுவார். குட்டி மூக்கைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றான்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. உங்கள் மாமனார்... மூச்சு விடுகிறாரா... அல்லது... விடவில்லையா."

"பாவம்டா, அவரை ஓட்டாத," என்று சொன்ன அவள்தான் அதிகமாகச் சிரித்தாள். இரண்டாவது வாரத்தில் எல்லார் முன்னிலையிலும் அவரிடம், "சார், ஊர் பேரை இழுத்து இழுத்துச் சொல்ல இது பஸ் ஸ்டாண்ட் இல்ல," என்று சொன்னவளும் அவள்தான். அவர் கோபப்படவில்லை. "பழகிக்கிறேன் மேடம்," என்றார்.

சாயங்காலம் மூட்டிய அடுப்புக்கு மேலும் விறகு பொறுக்கக் குட்டி போனான். பட்டுப்போன ஒரு மரத்தின் கிளையைப் பிடித்து இழுத்ததில் அதன் பொந்தில் இருந்த குளவிக் கூடு கலைந்தது. கழுத்தில் ஒன்று, காதுமடலில் ஒன்று, மணிக்கட்டில் ஒன்று. சிரித்துக்கொண்டேதான் ஓடி வந்தான்.

"மூணு பேர் சேர்ந்து ஒருத்தனை அடிச்சுட்டானுங்கக்கா. இதெல்லாம் நியாயமா?"

அவள் கொட்டிய இடங்களில் ஈரத் துணியை வைத்தாள். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. உள்ளங்கை அரிக்கிறது என்றான். கழுத்திலிருந்து மார்புவரை திட்டுத் திட்டாகச் சிவந்து தடித்தது. மேலுதடு ஒரு பக்கமாக வீங்கி ஏறியது. அலர்ஜி மாத்திரை ஒன்றைக் கொடுத்தாள். விழுங்கிய வேகத்தில் வாந்தி எடுத்தான்.

"தொண்டையில என்னமோ அடைக்குதுக்கா," என்றான். குரல் வேறு யாருடையதோபோல இருந்தது.

அறையில் ஒவ்வோர் ஆபத்துக்கும் ஓர் அட்டை உண்டு. பதற்றத்தில் இருப்பவரிடம் என்ன கேட்க வேண்டும், என்ன செய்யச் சொல்ல வேண்டும் என்று வரிசையாக எழுதியிருக்கும். ஒவ்வாமைக்கு ஒன்பதாம் அட்டை. படுக்க வையுங்கள், காலை உயர்த்துங்கள், மூச்சு முட்டினால் சாய்த்து உட்கார வையுங்கள், நிற்கவோ நடக்கவோ விடாதீர்கள், அங்கேயே இருங்கள். பழைய அட்டையின் அரசாங்க நடை யாருக்கும் புரியவில்லை என்று மூன்று வருடத்துக்கு முன் உட்கார்ந்து புதிதாக எழுதியது அவள்தான்.

"அண்ணே, இவனைச் சாய்ச்சுப் பிடிங்க," என்று சொல்லிவிட்டுப் பாறைக்கு ஓடினாள்.

"அவசர உதவி. எந்த இடத்திலிருந்து பேசறீங்க?"

புது ஆளின், நிறுத்தி நிதானமாகப் பேசும் அந்தக் குரல்.

"நான்தான் சார். நீர்த்தேக்கம், கிழக்குக் கரை, அஞ்சாம் நம்பர் கேம்ப். நம்ம குட்டிக்குக் குளவி கொட்டிடுச்சு. ஒன்பதாம் அட்டை. உதடு வீங்கிடுச்சு, மூச்சு இழுக்குது. எந்த வண்டி இருக்கு?"

விசைப்பலகை தட்டும் சத்தம். ஒவ்வொரு எழுத்தாக.

"ஏழாம் நம்பர் வண்டி கிளம்பிடுச்சு மேடம்."

ஏழாம் எண் நகர நிலையத்து வண்டி. நாற்பத்தோரு கிலோமீட்டர். விடுமுறைக் கூட்டம் வேறு. ஐம்பது நிமிடத்துக்குக் குறையாது. குட்டிக்கு ஐம்பது நிமிடம் இல்லை. நாமும் காரில் எதிரே போனால் இருபத்தைந்து நிமிடத்தில் பாதி வழியில் பிடித்துவிடலாம். நகரத்திலிருந்து வருகிறவர்களுக்கு அணைச் சாலையை விட்டால் வேறு நேர்வழி கிடையாது. பதினோரு வருடப் பழக்கத்தில் இந்தக் கணக்கைப் போட அவளுக்கு மூன்று விநாடிகூட ஆகவில்லை.

"நாங்க எதிர்ல வர்றோம் சார். அணை ரோட்டுல. வண்டிக்குச் சொல்லிடுங்க."

"மேடம், நோயாளியை நகர்த்த வேண்டாம். அங்கேயே..."

"சார், அந்த அட்டையை எழுதினதே நான்."

"தெரியும் மேடம். ஆனா இன்னைக்கு மத்தியானம் என்ன ஆச்சுன்னா, நம்ம வண்டியை..."

கீழே டிரைவர், "ஏம்மா, சீக்கிரம் வாம்மா!" என்று கத்தினார்.

"எதிர்ல வர்றோம்னு சொல்லுங்க, போதும்!" என்று சொல்லி இணைப்பைத் துண்டித்தாள். பள்ளத்தில் இறங்கியதும் சிக்னல் போய்விட்டது.

டிரைவர் தயங்கினார். நோயாளியைத் தூக்கிக்கொண்டு பாதி வழிக்கு வந்துவிடும் குடும்பங்களை இருபது வருடம் திட்டித் தீர்த்தவர் அவர்.

"நகர்த்தலாமாம்மா?"

"அம்பது நிமிஷம் ஆகும்ணே. தாங்க மாட்டான்."

"வண்டி எங்கேருந்து வருதாம்?"

"ஏழாம் நம்பர். டவுன்லேருந்து."

"அவர் சொன்னாரா, டவுன்லேருந்துன்னு?"

"ஏழாம் நம்பர்னா டவுன்தானேண்ணே. பட்டியல் போட்டதே நான்."

அதற்குமேல் அவர் கேட்கவில்லை. அவள் சொல்லி இதுவரை தப்பாகப் போனதில்லை என்பது அந்த அறையில் எல்லாரும் ஒப்புக்கொண்ட விஷயம்.

கார் மேட்டில் நின்றது. எழுபது, எண்பது அடி ஏற்றம். ஆறடி இரண்டங்குல மனிதனை இரண்டு பேரால் தூக்க முடியவில்லை. ஆளுக்கொரு தோளில் கையைப் போட்டு நடத்திக் கூட்டிப் போனார்கள்.

"கிரேன்... சொல்லியிருக்கலாம்க்கா," என்றான் குட்டி. பாதி ஏற்றத்தில் முழங்கால் மடங்கியது. "கண்ணு இருட்டிக்கிட்டு வருது," என்றான். அதன்பிறகு அவன் தெளிவாக எதுவும் பேசவில்லை.

ஐந்து மணிக்குக் கிளம்பினார்கள். பின்சீட் அவனுக்குப் போதவில்லை. தலை அவள் மடியில், கால்கள் ஜன்னலுக்கு வெளியே. அணைச் சாலையில் இரண்டு பக்கமும் கார்கள் நிறுத்தியிருந்தார்கள். டிரைவர் முன்விளக்குகளைப் போட்டு, ஹாரனில் வைத்த கையை எடுக்காமல் ஓட்டினார். சைரன் இல்லாத காருக்கு யாரும் வழிவிடவில்லை. ஒரு குடும்பம் சாலையின் குறுக்கே நின்று தண்ணீரைப் பின்னணியாக வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. அதில் ஒரு பெண், வெளியே நீட்டிக்கொண்டிருந்த கால்களைப் பார்த்து, குடித்துவிட்டுக் கிடக்கிறான் என்று நினைத்தாளோ என்னவோ, முகத்தைச் சுளித்தாள்.

ஒவ்வொரு வளைவிலும் அவள் எட்டிப் பார்த்தாள். வெள்ளை நிறத்தில் எது வந்தாலும், "வந்துடுச்சுண்ணே," என்றாள். ஒன்று பால் வண்டி. ஒன்று கல்யாண கோஷ்டியின் வேன்.

"இந்நேரம் எதிர்ல வந்திருக்கணுமே," என்றார் டிரைவர்.

"வரும்ணே."

5.17-க்கு அவன் மூச்சு நின்றது. காரை நிறுத்தச் சொல்லி, அவனைச் சாலையோரம் இழுத்துக் கிடத்தி, மார்பை அழுத்தத் தொடங்கினாள். ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணினாள். போனில் ஆயிரம் பேருக்கு எண்ணிக் காட்டிய அதே வேகம். டிரைவர் நடுச்சாலையில் கைகளை விரித்துக்கொண்டு நகரத்தின் பக்கம் பார்த்து நின்றார்.

ஆம்புலன்ஸ் 5.31-க்கு வந்தது. முன்னாலிருந்து அல்ல, பின்னாலிருந்து. ஊசி போட்டார்கள். மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். ஆக்சிஜன் முகமூடியை வைத்துக்கொண்டே உதவியாளர் அவளைப் பார்த்தார். அவளுக்குக் கீழே பயிற்சி பெற்றவர்.

"ஏன் மேடம் அங்கேயே இருக்கல? நாங்க அஞ்சு ஒம்பதுக்கே வந்துட்டோமே."

நடந்தது இவ்வளவுதான். நீர்த்தேக்கத்தில் கூட்டம் அதிகம் என்று சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு, பட்டியலை மாற்றி, ஏழாம் எண் வண்டியை நகரத்திலிருந்து நகர்த்திக் கல்குவாரிச் சாலைச் சோதனைச் சாவடியில் நிறுத்தினார் அன்றைய அதிகாரி. அங்கிருந்து முகாம் பதினான்கு கிலோமீட்டர். வண்டி வந்தபோது இரண்டு கூடாரங்கள், மூன்று மடக்கு நாற்காலிகள், அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த தண்ணீர். ஆள் இல்லை. தண்ணீரில் இறங்கிவிட்டார்களோ என்று கரையில் தேடியிருக்கிறார்கள். அவர்கள் அணைச் சாலையில் போகிறார்கள் என்ற தகவலை அறையிலிருந்து உடனே சொல்லத்தான் செய்தார்கள். குவாரிப் பள்ளத்திலும் முகாமிலும் வயர்லெஸ் எடுக்கவில்லை. வண்டி மேட்டுக்குத் திரும்பி வந்த 5.16-க்குத்தான் அது போய்ச் சேர்ந்தது. அதற்குள் புது ஆள் அவளுடைய போனுக்கு ஒன்பது தடவை முயன்றிருந்தார்; அணைச் சாலையிலும் சிக்னல் இல்லை.

மருத்துவர் எழுதிய குறிப்பில், 5.09-க்கு ஊசி போடப்பட்டிருந்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு இருந்தது என்றும், நடக்க வைத்தது நிலைமையை மோசமாக்கியிருக்கலாம் என்றும் இருந்தது. டிரைவர் அதைப் படித்துவிட்டு, "ஓட்டினது நான்தானேம்மா," என்றார். மறுநாள் முதல் வேலைக்கு வரவில்லை.

குட்டியின் வீட்டுக்கு அவள் மூன்றாம் நாள் போனாள். இரண்டு அறை. ஆர்டர் கொடுத்துச் செய்த நீளமான கட்டில் ஓர் அறையை முழுக்க அடைத்துக்கொண்டிருந்தது. அவன் மனைவி அதன் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க கூட இருந்தீங்களேக்கா, அதுவே போதும்," என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேற யாராவது இருந்திருந்தா என்ன பண்றதுன்னே தெரிஞ்சிருக்காது. நீங்க எல்லாத்தையும் சரியாத்தான் பண்ணியிருப்பீங்க."

அவள் அரை மணி நேரம் இருந்துவிட்டு வந்தாள். வண்டி 5.09-க்கே முகாமுக்கு வந்துவிட்டதைச் சொல்லாமலேயே வந்தாள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு விண்ணப்பம் வந்தது. இறந்தவரின் குடும்பத்தார் கேட்டால் அழைப்பின் ஒலிப்பதிவைக் கொடுக்க வேண்டும் என்பது விதி. கடைசியாக அவன் பெயர் சொல்லப்பட்ட அழைப்பைக் கேட்க வேண்டும்போல இருக்கிறது என்று மனைவி தன் கையால் எழுதியிருந்தாள். அனுமதிக் கையெழுத்துப் போட வேண்டியவர் ஷிப்ட் பொறுப்பாளர்.

கோப்பைக் கொண்டுவந்த புது ஆள் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார்.

"மேடம், இதை நீங்க போட வேண்டாம். விசாரணை முடியலைன்னு ஒரு வரி எழுதினா மூணு மாசம் தள்ளிப் போகும். அப்புறம் மேலிடத்துலேயே பார்த்துக்குவாங்க. நான் யார்கிட்டயும் எதுவும் சொல்லல. சொல்லவும் மாட்டேன்."

"அந்தம்மா இதைக் கேட்டா என்ன நினைப்பாங்க சார்?"

அவர் யோசித்தார். "நான் ஏதோ சொல்ல வந்தேன், நீங்க கேக்கலைங்கிறது தெரிஞ்சிடும்," என்றார்.

பதிவின் நீளம் ஒரு நிமிடம் பதினான்கு விநாடி. அவள் கோப்பைத் திறந்து உரிய இடத்தில் கையெழுத்திட்டாள்.

நகல் நவம்பர் மூன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை, குட்டியின் மனைவியிடம் ஒப்படைக்கப்பட்டது. பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்து கோப்பில் இருக்கிறது.