ரப்பர் வைத்து அழித்த கேள்விகள்

ஊரார் வேலையில் குற்றம் கண்டுபிடிக்கும் நகராட்சித் தணிக்கை அலுவலகம், தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறதா என்று மூன்று வருடத்துக்கு ஒருமுறை வெளியூர்த் தணிக்கையாளர்கள் வந்து பார்க்க வேண்டும் என்பது விதி. நல்ல விதிதான். இந்த முறை வந்த மூன்று பேரில் நானும் ஒருத்தியாகிப்போனது என் தலையெழுத்து.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன் நான் வேலை பார்த்தது இதே மாடியில். அத்தனை வருடமானால் வெளியாள்தான் என்கிறது விதி. என் கால் கேட்டால்தானே? ஜன்னலோரத்துப் பழைய மேஜைக்கு நேராகப் போய் நின்றுவிட்டது. ஜன்னல் கொக்கி இன்னும் சரியாக மாட்டவில்லை. இப்போதும் காகிதத்தை மடித்துத்தான் செருகியிருந்தார்கள்.

"அக்கா, உங்களுக்கு மீட்டிங் ரூம்ல இடம் போட்டிருக்கு" என்றான் அவசரம். எதையும் பாதி படித்துவிட்டு முடித்துவிடுவான் என்பதால் அன்று நான் வைத்த பெயர் அது. இன்று அவன்தான் அலுவலகத் தலைவர். பதவி நீட்டிப்பு அடுத்த மாதம் நகரசபையில் முடிவாகும். எங்கள் அறிக்கையைப் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள்.

பூங்கா ஊஞ்சல்களை நகராட்சி சோதிக்கிறதா என்று தணிக்கை செய்த கோப்பை எடுத்தேன். சின்னவர்கள் எழுதியதைப் பெரியவர் படித்துக் கேள்வி கேட்டதற்குக் கோப்பில் இருந்தாக வேண்டிய ஒரு அடையாளமும் இல்லை. பதினொரு கோப்பு புரட்டினேன். எல்லாம் துடைத்துவைத்த மாதிரி சுத்தம். சந்தேகப்பட்டு ஒரு தாளை வெளிச்சத்தில் சாய்த்தேன். ஓரத்தில் பென்சில் அழுந்திய தடம்: 'எந்தத் தேதி?' 'யார் நேரில் பார்த்தது?' அவன் கையெழுத்து. எல்லாம் கேட்டிருக்கிறான், அவர்கள் திருத்தியதும் அழித்திருக்கிறான்.

அந்த வழக்கத்தை இங்கே ஆரம்பித்துவைத்த மகராசி நான்தான். சேர்ந்த புதிதில் அவன் தப்புத்தப்பாக எழுதுவான். அப்போதைய தலைவர் அதை எல்லார் முன்னாலும் சத்தமாக வாசித்துக் காட்டுவார். எனக்குப் பொறுக்காது. அதனால் கேள்விகளைப் பென்சிலில் எழுதி, அவன் திருத்தியதும் அழித்துவிட்டு மேலே அனுப்புவேன். சாயங்காலம் மேஜையெல்லாம் ரப்பர் தூள். ஊதித் தள்ளிச் சிரித்துக்கொண்டிருப்போம். அவ்வளவு சந்தோஷமாக நான் வேறெங்கும் வேலை பார்த்ததில்லை.

குழுத் தலைவியிடம் ஒளிக்காமல் சொன்னேன். அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்போ அறிக்கையில அந்தப் பத்தியை நீங்க எழுத வேணாம், நான் எழுதறேன். ஆனா அழிச்ச தடத்தைக் காட்டி மேற்பார்வை நடந்ததுன்னு சொல்ல முடியாது."

நியாயம்தான். அதனாலேயே எரிச்சல் வந்தது.

அந்தக் குறைக்கு அலுவலகத்தின் பதிலை எழுத அவனுக்கு ஒரு நாள் கொடுத்தார்கள். அவன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன்.

"இது அக்கா பழக்கிவிட்டதுன்னு எழுதுடா. உள்ளதுதானே?"

"நீங்க மூணு வருஷம் அழிச்சீங்க. மீதியெல்லாம் நான்."

"கேள்வியெல்லாம் கோப்புல இருக்கணும்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"அப்புறம் எதுக்குடா இந்த வேலை?"

கண்ணாடிக்கு அப்பால் புதிதாகச் சேர்ந்தவர்கள் தலை குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்த்தபடி சொன்னான்.

"என் தப்பு ஒண்ணைக்கூட நீங்க யாருக்கும் காட்டலை. காட்டியிருந்தா முதல் மாசமே ஓடியிருப்பேன். இவங்களோடதை நான் மட்டும் எப்படிக்கா காட்டுவேன்?"

பதில் தாளில் 'ஒப்புக்கொள்கிறேன்' என்று ஒரே வார்த்தை எழுதிக் கையெழுத்துப் போட்டான். அதைக் கொண்டுபோய்க் குழுத் தலைவியிடம் கொடுக்க வேண்டியவளும் நான்தான்.