தலையில்லாத ஆடு

பூந்தமல்லிக்குத் திமிர் ஏறியிருந்த காலம் அது. கரையான்சாவடிக்கு அந்தப் பக்கம் வெள்ளைக்காரன் கொசு ஆராய்ச்சிக்கு ஒரு கட்டடம் கட்டினான், வேர்க்கடலைக்கு ஒன்று கட்டினான், கடைசியில் நாய்க்கடி மருந்துக்கும் ஒன்று கட்டினான். அவ்வளவுதான், ஊருக்குத் தலைகால் புரியவில்லை. பூக்கடை ஹபிபுல்லாவுக்கு மட்டும் புரிந்துவிடுமா? மகள் அஷ்ரஃபுன்னிசாவுக்கு நாய்க்கடி நிலையத்திலேயே மாப்பிள்ளை பார்த்துவிட்டார்.

மாப்பிள்ளை பேர் சிக்கந்தர். காக்கி உடுப்பு, பென்ஷன் உள்ள உத்தியோகம். "நம்ம மாப்ள ஆராச்சி பண்றாரு" என்று பூ வாங்க வந்தவர்களிடமெல்லாம் ஹபிபுல்லா பீற்றிக்கொண்டார். அங்கே அவன் என்னதான் செய்கிறான் என்று கேட்க வேண்டும் என்று மட்டும் அந்த மனுஷனுக்குத் தோன்றவே இல்லை.

நிச்சயத்தன்று சிக்கந்தர் ஒரு முழு ஆட்டுத் தொடையைத் தூக்கிக்கொண்டு வந்தான். வீடே மணக்க மணக்கச் சாப்பிட்டது. அஷ்ரஃபுன்னிசா நல்லி எலும்பைத் தட்டித் தட்டி உறிஞ்சினாள். "நிக்காஹ் விருந்துக்கும் கறி என் பொறுப்பு மாமா" என்று சிக்கந்தர் சொன்னபோது ஹபிபுல்லாவுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

நிக்காஹ் அன்று விடிந்ததும் கறி வண்டி வந்தது. மாப்பிள்ளை உடுப்பு மாட்டுவதற்கு முன்னால் சிக்கந்தரே கூட வந்து சமையல் கொல்லையில் இறக்கினான். ஈரச் சாக்குக்குள் உரித்த செம்மறிகள், கொழுகொழுவென்று. சமையல்காரர் மஸ்தான் சாக்கைப் புரட்டிப் பார்த்தார்.

"பாய், தலைங்க எங்க?"

விருந்து ஆக்குகிறவனுக்குத்தான் ஆட்டுத் தலை, அது அங்கே வழக்கம். கூலியைக்கூட மஸ்தான் விட்டுக்கொடுப்பார், தலைக்கறியை விடமாட்டார்.

"பின்னால வரும்யா" என்றார் ஹபிபுல்லா.

"தலை எப்புடி பாய் பின்னால வரும்? முன்னாலதானே கீது!" மஸ்தான் கழுத்துப் பக்கம் விரலை வைத்துத் தடவினார். முகம் மாறிவிட்டது. "இத்த யாரு அறுத்தது? நான் அறுக்கல, பள்ளிவாசல் ஹஜ்ரத்தும் அறுக்கல. பிஸ்மில்லா சொன்னது யாரு?"

சிக்கந்தர் சிரித்தான். கொஞ்சமாவது கூச்சம் இருக்க வேண்டுமே! கிடையாது.

"தலை ஆபீசுக்கு வோணும் மாமா. மண்டையப் பொளந்து மூளைய எடுத்துதானே நாய்க்கடி ஊசி மருந்து செய்றாங்க."

"அப்போ... இந்த ஆடு?"

"மூளைல வெறிநாய் நோவ ஏத்துவாங்க. காலு இழுத்துகினு வுழுந்ததும் கொன்னுடுவாங்க. ஒடம்ப சுண்ணாம்பு போட்டுப் பொதைக்கச் சொல்லி தொரை உத்தரவு, அதான் என் வேல. பொதைக்க மனசு வருமா சொல்லுங்க, நல்ல கறி! வேவ வச்சா ஒண்ணும் ஆவாது மாமா. நிச்சயத்துக்குத் துன்னீங்களே, இன்னா ஆயிடுச்சி?"

சீ! இவனெல்லாம் ஒரு மனுஷன்!

ஹபிபுல்லா சாக்கடைப் பக்கம் ஓடினார். குடல் வெளியே வந்துவிடும்போல் வாந்தி எடுத்தார். சொம்பு சொம்பாகத் தண்ணீர் விட்டுக் கொப்பளித்தும் அந்தத் தொடைக்கறியின் ருசி நாக்கை விட்டுப் போகவில்லை. நோய் பிடித்து, கால் இழுத்துச் செத்த ஆட்டை நக்கி நக்கித் தின்றோமே, இன்னும் கொஞ்சம் போடு என்று கேட்டோமே என்று நினைக்க நினைக்க மறுபடியும் குமட்டிக்கொண்டு வந்தது.

இந்த இடத்தில் அந்த மனுஷன் துடைப்பத்தை எடுத்திருந்தால் கதையே வேறு. எடுக்கவில்லையே! பாடியிலிருந்தும் நெமிலிச்சேரியிலிருந்தும் ஜனங்கள் வந்து இறங்கிவிட்டார்கள். நிக்காஹ் நின்றால் பெண்ணைத்தானே நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று பயந்துபோனார்.

"மஸ்தானு, கறிய குழி தோண்டிப் பொதச்சிடு. பருப்பும் கத்திரிக்காயும் போட்டு ஆக்கு. வெளில மூச்சு வுடாதே" என்றார்.

மஸ்தான் அவரை மேலும் கீழும் பார்த்தார். "பொண்ணு ஒன்னுதா, என்னுதா பாய்?" என்று கேட்டுவிட்டு மண்வெட்டியைத் தேடிப் போனார். சிக்கந்தரோ, "அநியாயமா வீணாப் போவுதே" என்று முனகிக்கொண்டு உடுப்பு மாட்டக் கிளம்பினான்.

பந்தலில் காஜியார் வந்து உட்கார்ந்தார். பெண்ணிடம் சம்மதம் கேட்டுவர, ரெண்டு சாட்சிகளோடு ஹபிபுல்லா உள்ளே போனார். தலைக்கு மேல் முக்காடு, அதற்கு மேல் பூ, அசையாமல் உட்கார்ந்திருந்தாள் அஷ்ரஃபுன்னிசா.

"சிக்கந்தர நிக்காஹ் பண்ணிக்க சம்மதமாம்மா?"

பதில் இல்லை. மறுபடி கேட்டார். அப்போதும் இல்லை.

"வெக்கம்ங்க" என்று சிரித்தாள் அவள் அம்மா ஷரீஃபுன்னிசா. "பொண்ணு வாய மூடிகினு இருந்தா சம்மதம்னுதானே அர்த்தம்? போய்ச் சொல்லுங்க."

சாட்சிகளும் தலையாட்டினார்கள். அப்பாடா என்று திரும்பின ஹபிபுல்லாவுக்குக் கால் வாசலைத் தாண்டவில்லை. அந்த அறையின் சன்னல் சமையல் கொல்லையைப் பார்த்துத் திறந்து கிடந்தது. திரும்பி வந்து முக்காட்டை விலக்கினார்.

ரெண்டு கையாலும் வாயை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். கண்ணெல்லாம் தண்ணீர்.

"வெக்கம் இல்ல அத்தா" என்றாள், விரல் இடுக்கு வழியாக. "அவரு பேசினதும் கேட்டுச்சி, நீ பொதைக்கச் சொன்னதும் கேட்டுச்சி. வாயத் தொறந்தா வாந்தி வந்துடும். அதான் மூடிகினு கீறேன்."

சொல்லி முடிப்பதற்குள் வந்தே விட்டது. பட்டுப் பாவாடையெல்லாம் நாறிப்போனது. ஹபிபுல்லா தன் தோள் துண்டாலேயே மகளின் வாயைத் துடைத்தார். அந்தத் துண்டோடுதான் பந்தலுக்கு வந்தார்.

"பொண்ணு சம்மதம் குடுத்துச்சா?" என்றார் காஜியார்.

"இல்ல. முடியாதுன்னுட்டா."

மல்லிகைச் சரத்தை முகத்திலிருந்து ஒதுக்கிவிட்டு எட்டிப் பார்த்தான் சிக்கந்தர். அந்த நேரத்திலும் அவனுக்கு விளங்கவில்லை.

"வேவ வச்சா ஒண்ணும் ஆவாது மாமா" என்றான்.