மூன்றாம் ஓலை

இருபத்து மூன்றாம் அறையில் கட்டில் விரிப்பை உருவும்போது லீதியாளுக்குக் கை வழுக்கியது. அருவிக்கு வருகிறவர்கள் உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, பாதி எண்ணெயோடு அப்படியே வந்து படுத்துவிடுவார்கள். தலையணை உறையில் ஒரு தலை கிடந்த தடம் மஞ்சளாக இருந்தது. ஒரு வாரமாகச் சாரல் விடவில்லை. துவைத்த விரிப்புகள் மொட்டைமாடித் தகரக் கூரையின் கீழ் மூன்று நாளாக ஈரத்தோடு தொங்கின. ஐந்தருவி சாலையில் இருந்த அந்த லாட்ஜின் மேல்மாடிப் பதினாறு அறைகளும் அவள் பொறுப்பு. கீழ்த்தளம் ரெங்கம்மாளுடையது.

அன்று சனிக்கிழமை. முதலாளி சற்குணம் அண்ணாச்சி மாடிக்கு வரட்டும் என்று அவள் காத்திருந்தாள்.

மகள் சுஜிதாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை செங்கோட்டையில் பைக் மெக்கானிக். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு கோயிலில் போதகர் ஓலை வாசிப்பார். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம், தடை இருந்தால் சொல்லலாம் என்று. பெயரை வாசிக்கும்போது இரண்டு வீட்டாரும் எழுந்து நிற்பது அந்தச் சபையின் வழக்கம். கல்யாணப் பெண் மட்டும் அன்றைக்குக் கோயிலுக்குப் போகமாட்டாள். பெண் வீடு என்று எழுந்து நிற்க லீதியாளை விட்டால் ஆளில்லை. புருஷன் சுவிசேஷமுத்து பெயின்ட் வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இறந்து நான்கு வருஷமாகிறது. ‘காலஞ்சென்ற சுவிசேஷமுத்து, லீதியாள் ஆகியோரின் மகள்’ என்று ஓலையில் வரும். அவர் பெயரும் தன் பெயரும் கோயிலில் சேர்ந்து கேட்கப்போவது இனி இதுதான் கடைசி. அந்த ஒரு நிமிஷம் எழுந்து நிற்கவேண்டும் என்பதைத் தவிர இந்தக் கல்யாணத்தில் அவள் தனக்கென்று எதையும் ஆசைப்படவில்லை.

முதல் ஞாயிறு தவறியது அவளால்தான். ஞாயிற்றுக்கிழமைக்கு இரட்டைச் சம்பளம் என்றதும், சுஜிதாவுக்குச் சீலை எடுக்க ஆகுமே என்று மனசு அந்தப் பக்கம் போய்விட்டது. இன்னும் இரண்டு வாரம் இருக்கிறதே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். இரண்டாம் ஞாயிறு அவளை யாரும் கேட்கவே இல்லை. வேலைக்கு வருவாள் என்று எழுதிவைத்துவிட்டார்கள். அன்றைக்குக் காசைப் பார்த்ததற்குத்தான் கர்த்தர் இப்படிச் செய்கிறாரோ என்று வாரம் முழுக்க உறுத்திக்கொண்டே இருந்தது.

சற்குணம் அண்ணாச்சியைக் கெட்டவர் என்று ஊரில் யாரும் சொல்லமாட்டார்கள். நான்கே அறை வைத்திருந்த காலத்தில் ஞாயிறு காலையில் லாட்ஜைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு எல்லோருக்கும் முந்தி கோயிலுக்கு வந்து பாய் விரிப்பார். பாட்டுக்குழுவில் அவர் குரல்தான் ஓங்கி நிற்கும். அறை எட்டாகி, பதினாறாகி, முப்பத்திரண்டாக ஆக, முதலில் பாட்டுக்குழு போனது, பிறகு பூட்டு போனது. இப்போதும் வாரம் தவறாமல் வருகிறார். சிக்னல் நன்றாகக் கிடைக்கிற மூன்றாவது சன்னலோரம் அவருடைய இடம். எல்லோரும் கண்ணை மூடி ஜெபிக்கும்போது அவர் வேதப்புத்தகத்துக்குள் போனை வைத்து புக்கிங் பார்த்துக்கொண்டிருப்பார். கர்த்தருக்கு அது தெரியாது என்று நினைத்தாரோ என்னவோ.

“அண்ணாச்சி, நாளைக்கு மூணாவது ஓலை.”

“தெரியும் லீதியா. ஆனா ஒரு ரூம் காலியில்ல, பாத்தியா? சீசன் கர்த்தர் குடுக்கது. அவரு குடுக்கும்போது நாம கைய மடக்கப்பிடாது.”

“போன வாரமும் இதத்தான் சொன்னிய.”

“அதுக்குத்தான் டபுள் சம்பளம் போடுதேம்லா?”

“எனக்கு அது வேண்டாம் அண்ணாச்சி. என் எடத்துல சுஜிதா வந்து பாப்பா. அவதான் கோயிலுக்குப் போவக்கூடாதுல்லா.”

அண்ணாச்சி கொஞ்சம் யோசித்தார். “அப்ப சரி. வேல நிக்கக்கூடாது, அம்புட்டுத்தான்.”

மறுநாள் லீதியாள் இருக்கிறதிலேயே நல்ல சீலையைக் கட்டிக்கொண்டு கோயிலில் முன்வரிசைக்குப் பின்னால் உட்கார்ந்தாள். எதிர்ப் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டார் ஒன்பது பேர் இருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா இவளைப் பார்த்துச் சிரித்ததும்தான் இரண்டு வாரத்துப் பாரம் கொஞ்சம் இறங்கியது. பாட்டு முடிந்ததும் அறிவிப்பு, அதில் முதலாவதே ஓலை. பாட்டின் இரண்டாவது சரணத்தில் சன்னலோரத்தில் போன் அதிர்ந்தது. அண்ணாச்சி எழுந்து வெளியே போனார். கொஞ்ச நேரத்தில் பக்கவாசலில் நின்று இவளைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

“மேனேஜர் பேசுதான். பதினெட்டுல இருக்க பசங்க குடிச்சிட்டு வாந்தியெடுத்து வச்சிருக்கானுவ. சுத்தம் பண்ண லேட்டாயிட்டுன்னு ஒம் மவட்ட சத்தம் போடுதானுவளாம். பிள்ள அழுதாளாம்.”

“மேனேஜர் அங்கனதான இருக்காரு? அவனுவள வெளிய போகச் சொல்லச் சொல்லுங்க அண்ணாச்சி.”

“பத்துப் பேரு, மூணு ரூமு. வெளிய போகச் சொன்னா ரெண்டு நாள் வாடகைய எவன் குடுப்பான்? நெட்டுல எழுதிப் போட்டான்னா சீசனே போச்சு. நீ போ. ரபீக்க ஆட்டோவோட வரச் சொல்லிட்டேன்.”

“இந்தா, இப்ப வாசிச்சிருவாங்க. அஞ்சே நிமிசம்.”

“பிள்ளைய விட ஓலையா பெருசு?”

லீதியாள் வாசலில் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டாள். அண்ணாச்சி போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போய்ச் சன்னலோரத்தில் உட்கார்ந்தார்.

ஆட்டோ தெருமுனையில் திரும்பும்போது பாட்டு நின்றது. ஒலிபெருக்கியில் போதகர் தொண்டையைச் செருமுவது கேட்டது. ரபீக்குக்கு விஷயம் தெரியும்.

“நிப்பாட்டவாக்கா? கேட்டுட்டுப் போவோம்.”

“வேண்டாந் தம்பி. பிள்ள ஒத்தையில நிக்கா.”

இலஞ்சி தாண்டியதும் சாரல் வலுத்தது. ஆட்டோவின் தார்ப்பாயில் அது விழுகிற சத்தத்தைத் தவிர வேறொன்றும் காதில் விழவில்லை.

பதினெட்டாம் அறையில் பசங்கள் இல்லை, அருவிக்குப் போய்விட்டார்கள். ஈர ஜட்டிகளும் கோழி எலும்பும் தரையில் கிடந்தன. சுஜிதா முழங்காலிட்டுப் பினாயில் ஊற்றித் துடைத்துக்கொண்டிருந்தாள். கண் வீங்கியிருந்தது.

“ஒருத்தன் கையப் புடிச்சாம்மா. மேனேஜர்ட்ட சொன்னேன். கஸ்டமர்ட்ட அனுசரிச்சுப் போன்னாரு.”

லீதியாள் அவள் கையை எடுத்துப் பார்த்தாள். மணிக்கட்டில் சிவந்திருந்தது. யாரிடம் போய் என்ன கேட்பது? சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவள் கையிலிருந்த துணியை வாங்கினாள்.

“ஓலை வாசிச்சாங்களா?”

“வாசிச்சாங்கட்டி.”

“அப்பா பேரு?”

“நல்லாக் கேட்டுச்சு. ரெண்டு பேரையும் சேத்துத்தான் வாசிச்சாங்க.”

“நீ எந்திரிச்சு நின்னியா?”

“நிக்காம இருப்பனா?”

சுஜிதா புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க லீதியாளால் முடியவில்லை; குனிந்து தரையைத் தேய்த்தாள்.

பன்னிரண்டரைக்கு அண்ணாச்சி மாடியேறி வந்தார். வெள்ளை வேட்டி சட்டை, கக்கத்தில் வேதப்புத்தகம். நல்ல காரியம் ஒன்று செய்துவிட்டு வருகிற சந்தோஷம் முகத்தில் இருந்தது.

“ஓலை ஆச்சு லீதியா. ஒருத்தரும் தடை சொல்லல. மாப்ள வீட்டுக்காரங்க அம்புட்டுப் பேரும் எந்திரிச்சு நிக்காங்க, பொண்ணு வீட்டுப் பக்கம் ஒரு ஆளக் காணும். போதகரு அங்கனயும் இங்கனயும் பாக்காரு. நம்ம பிள்ளைக்கு ஒரு கொறையாயிரக் கூடாதுல்லா? நானே எந்திரிச்சு நின்னுட்டேன்.”

சுஜிதா அம்மாவைப் பார்த்தாள். லீதியாள் தலையைத் தூக்காமல் துணியைப் பிழிந்தாள். பிழிந்த துணியையே மறுபடியும் பிழிந்தாள்.

அண்ணாச்சியின் போன் அடித்தது. “ஆமா, இருக்கு. வாங்க, வாங்க,” என்றார். பிறகு அறைக்குள் எட்டிப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு சாவியை நீட்டினார்.

“இத முடிச்சிட்டு முப்பதப் பாருங்க. ஒரு மணிக்கு ஆள் வருது. ரெண்டு பேரா இருக்கியள்லா, சட்டுனு ஆயிரும்.”

லீதியாள் எழுந்திருக்கவில்லை. ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டது சுஜிதாதான்.