ஒன்றரை அங்குலம் இறங்கும் கார்

சந்திரகலா ஒரு பேச்சை விழுங்கினால் அவளுடைய காரின் பின்பக்கம் ஒன்றரை அங்குலம் இறங்கும். கவரைப்பேட்டையில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. 'பொம்பளைக்கு இன்னா கார் பைத்தியம்' என்று நாத்தனார் சிரித்த நாளில் சைலன்சர் வேகத்தடையில் இடித்தது. அவள் வேலை பார்க்கும் கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலையில், அவள் செய்ததற்கு மேலாளர் தான் பாராட்டு வாங்கிக்கொண்ட மாலையில் கார் ஏறக்குறைய உட்கார்ந்தபடியே வீடு வந்தது.

மெக்கானிக் அந்தோணி முதலில் ஸ்பிரிங்கை மாற்றினார். புது ஸ்பிரிங்கும் இறங்கியது. டிக்கியைத் திறந்தால் ஸ்டெப்னி மட்டும் இருந்தது. பிறகு அந்த இறக்கத்தை ஒரு வசதியாக எடுத்துக்கொண்டார். கால் மைல் பந்தயத்தில் புறப்படும் நொடிதான் எல்லாம். கனம் பின்சக்கரத்துக்குப் போனால் டயர் ரோட்டைப் பிடிக்கும். போகாவிட்டால் நின்ற இடத்திலேயே சுற்றிப் புகை விடும். அவர் பின் ஷாக் அப்சார்பர்களை அவளுடைய மௌனத்துக்குத் தக்கபடி வைத்தார். இஞ்சின் முறுக்கில் வலது பின்சக்கரம் தரையைவிட்டுத் தூக்குவதால், அதை அழுத்திப் பிடிக்க அந்தப் பக்க ஸ்பிரிங்கை மட்டும் கூடுதலாக இறுக்கினார்.

ஓட்டிப் பார்த்து, எது சரி எது சரியில்லை என்று சொல்பவள் சந்திரகலா. சோழவரம் பக்கத்துக் கிடங்கின் கான்கிரீட் ரோட்டில் ஞாயிற்றுக்கிழமை பந்தயம் ஓட்டுபவன் அவள் கணவன் விமல். 'நான் ஓட்டுகிறேன்' என்பதை அவள் புறப்படும் கோட்டருகே நின்று விழுங்குவாள், கார் பதியும், அவன் ஜெயிப்பான். கேட்டால் கார் லேசாகிவிடும், கேட்காவிட்டால் அவள் ஓட்டவே முடியாது. தன் மௌனத்துக்கு ஒரு பயன் இருப்பது அவளுக்குப் பிடித்திருந்தது. அப்படிப் பிடித்திருப்பதுதான் பிடிக்கவில்லை.

இந்தத் தை மாதம் இறுதிப் பந்தயம். எலுமிச்சம்பழத்தை முன்சக்கரங்களுக்கு மட்டும் வைத்து நசுக்கினார்கள். பின்சக்கரத்துக்கு வைத்தால் சாறு வழுக்கும்.

"சாவியக் குடு கலா. நீ எப்பவும்போல மூஞ்சியத் தூக்கி வச்சிக்கினு ஓரமா நில்லு, போதும்," என்றான் விமல்.

"ஓட்டிப் பாத்து செட் பண்ணது நானு. இன்னிக்கி நானே ஓட்டறேன். ஹெல்மெட்டக் குடுங்க."

கார் பெருமூச்சு விட்டதுபோல் எழுந்தது.

"போச்சு நைனா," என்று விமலிடம் சொல்லி அந்தோணி தன் தலையில் கைவைத்தார். "பின்னாடி கொக்கு மாதிரி நிக்குது. இப்ப எட்தா பொகைதான்."

விமல் வாயைத் திறந்தான். நாலு பேர் எதிரில் சொல்ல அவனிடம் நிறைய இருந்தது. காரைப் பார்த்தான், ஓரத்துக்குப் போகாமல் நின்ற மனைவியைப் பார்த்தான். விழுங்கினான். பக்கத்திலிருந்தவர்களுக்குச் சத்தம் கேட்டது. பின்பக்கம் இரண்டு அங்குலம் இறங்கியது, வலது புறம் சற்று அதிகமாக. ஹெல்மெட்டை நீட்டினான்.

அன்று டயரில் புகையே வரவில்லை. சந்திரகலா ஜெயித்தாள்.

இப்போதெல்லாம் அவள் வீட்டிலும் வேலையிலும் நினைத்ததைப் பேசிவிடுகிறாள். பந்தய நாளில் விமல் ஓரமாக வந்து நிற்கிறான். ஆண்பிள்ளை விழுங்குவது வலது பக்கமாகவே போய் உட்காருவதால், அந்தோணி அந்த ஸ்பிரிங்கில் வைத்திருந்த கூடுதல் இறுக்கத்தை எடுத்துவிட்டார்.